பிளக்கில் இருந்த ஒயில்

2024 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம் அந்த அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். எடுத்தவுடனே அழுதுவிட்டார்.

“மிஸ், கார் செத்துப்போச்சுதாம். என்ஜின் முடிஞ்சுதாம். எட்டு லட்சம் குறைச்சுத்தான் எடுப்பினமாம்.”

எங்கள் அலுவலகப் பத்திரங்களில் இவரைப் போன்றவர்களைப் ‘பயனாளி’ என்று எழுதுவோம். எனக்கு அந்தச் சொல்லில் விருப்பமில்லை. வவுனியாவுக்கு வெளியே ஒரு கிராமத்தில் தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர். நான்கு வருடமாகப் பழக்கம். நான் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். அவர் அலுவலகத்தில் வைத்து ‘மிஸ்’ என்பார், வீட்டில் ‘பிள்ளை’ என்பார். அன்று வீட்டிலிருந்து பேசியபோதும் ‘மிஸ்’ என்றுதான் வந்தது. எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று அதிலேயே விளங்கிற்று.

கார் அவருடைய கணவருடையது. அவர் மோட்டார் மெக்கானிக். முன்பக்கம் நசுங்கிக் கிடந்த ஒரு ஹொண்டா சிவிக்கை 2013 இல் மலிவாக வாங்கி, இரண்டு வருடம் பின்னேரங்களில் வேலை செய்து நிமிர்த்தி எடுத்தார். சாதாரண சிவிக் அல்ல. ஈ.கே.4 என்று சொல்லப்படுகிற வகை. அதற்குள் இருப்பது பீ16ஏ என்ற என்ஜின். 1,600 சீ.சீ.க்கும் குறைந்த அந்தச் சின்ன என்ஜின் 170 குதிரைவலு தரும். பந்தயப் பைத்தியம் உள்ள பெடியன்கள் இன்றைக்கும் தேடித் திரிகிற சாமான். கணவர் 2019 இல் மாரடைப்பால் இறந்துபோனார். கார் கொட்டிலுக்குள் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா திறப்பைப் போட்டு பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்துவார். அவருக்கு ஓட்டத் தெரியாது. கணவர் கடைசியாகச் சொன்ன வேலைகளில் அதுவும் ஒன்று என்பதால் செய்துவந்தார்.

கணவருடைய வைத்தியத்துக்கும் பிறகு வீட்டுச் செலவுக்கும் என்று பட்ட கடனுக்காகக் காணி உறுதி ஒருவரிடம் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய கார்களுக்கு நினைக்க முடியாத விலை வந்திருந்தது. அடுத்த வருடம் இறக்குமதி திறக்கப் போகிறது, பிறகு விலை விழுந்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால்தான் அக்கா விற்கத் துணிந்தார். கொழும்புப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்து பார்த்தார், பிடித்துவிட்டது, விலையும் பேசியாயிற்று. அந்த விலையில் கடனைக் கட்டி உறுதியை மீட்கலாம். பிறகு அவர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். நான்கும் ஒயிலில் குளித்திருந்தன. “றிங்ஸ் போட்டுது. என்ஜின் இறக்கிக் கட்ட வேணும்” என்றாராம். குறைத்த எட்டு இலட்சமும் ஏறக்குறைய உறுதிக்குக் கட்ட வேண்டிய காசுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

பின்னேரம் போனேன். அக்கா நான்கு பிளக்குகளையும் தனித்தனியாகப் பத்திரிகைக் கடதாசியில் சுற்றி மேசையில் வைத்திருந்தார்.

சமூகவியல் படித்தவளுக்கு பிளக்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் 1987 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது, வாடகைக்கு ஓடினார். 1990 இன் நடுப்பகுதிக்குப் பிறகு பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில்தான் கார் ஓடியது. அதை வாசிக்கிற உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். ஒரு சின்னப் போத்தலில் பொன்போல வைத்திருந்த பெற்றோலைக் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு என்ஜினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் சரியாக எரியாது, பிளக் கரி பிடித்துவிடும். கரியைச் சுரண்டி மட்டத்தாள் போடுகிற வேலை எனக்கு. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. அப்பா பிளக்கைப் பார்த்து என்ஜினின் சுகத்தைச் சொல்வார். மண்ணிறமாக, பிஸ்கற் நிறத்தில் இருந்தால் சுகம். காய்ந்த கறுப்புக் கரி என்றால் எரிபொருள் கூடுதலாகப் போகிறது. வெளிறி வெள்ளையாக இருந்தால் காற்றுக் கூடி அளவுக்கு மிஞ்சிச் சூடாகிறது. ஈரமாக இருந்து மண்ணெண்ணெயோ பெற்றோலோ மணத்தால் பொறி வரவில்லை. ஈரமாகவும் வழுவழுப்பாகவும் கறுப்பாகவும் இருந்தால் ஒயில். ஒயில் வந்தால் றிங்ஸ், செலவுக்கு ஆயத்தப்படு.

1995 ஒக்ரோபரில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது அந்தக் கார் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் அப்பாவின் அந்தப் பாடம் என்னோடு வந்துவிட்டது.

அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் அன்று பிழை விட்டேன். கடதாசிகளைப் பிரித்தேன். நான்கு முனையும் ஈரம், வழுவழுப்பு, கறுப்பு. மணந்து பார்த்தேன், ஒயில்தான். “அக்கா, அந்த மெக்கானிக் சொன்னதில பிழையில்லைப் போல கிடக்கு. கேட்ட விலைக்கே குடுக்கிறதுதான் நல்லம்” என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இரவு நித்திரை வரவில்லை. நான்கு பிளக்கில் மூன்றின் மேற்பாதியிலும் ஒயில் இருந்தது. வெள்ளைப் பீங்கான், அறுகோண உலோகம் எல்லாம் பிசுபிசுப்பு. நாலாவதின் மேற்பாதி மட்டும் காய்ந்து, தூசி படிந்து சுத்தமாக இருந்தது. றிங்ஸ் தேய்ந்து ஒயில் வருவது சிலிண்டருக்குள். பிளக்கின் மேற்பாதி சிலிண்டருக்கு வெளியே அல்லவா இருக்கிறது? உள்ளே வந்த ஒயில் எப்படி வெளியே ஏறிற்று?

விடியற்காலையில் அப்பாவின் பழைய நண்பர் ஒருவரை அழைத்தேன். எழுபது வயது தாண்டியவர், நாற்பது வருடம் கராஜ் வைத்திருந்தவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “உன்ர கொப்பர் படிப்பிச்சது மொறிஸ் மைனர் பாடம் பிள்ளை. அதில பிளக் பக்கவாட்டில வெளியால நிக்கும். இது அப்பிடியில்லை. ஒண்டையும் துடைக்காமல் வை, நான் வாறன்” என்றார்.

ஞாயிறு பத்து மணிக்கு அக்கா வீட்டு முற்றத்தில் இருந்தோம். மாஸ்டர் முதலில் ஏசினார். பிளக்குகளைத் தனித்தனியாகச் சுற்றியது சரி, எது எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று இலக்கம் போடவில்லை. “நாலு பிள்ளையளின்ர இரத்தத்தை எடுத்துப்போட்டுப் பேர் எழுதாமல் வைச்ச மாதிரி” என்றார். அக்கா எழும்பி உள்ளே போனார். பத்து நிமிடம் தையல் மெசின் சத்தம் கேட்டது. நான்கு பைகள் வைத்துத் தைத்த ஒரு துணிப் பட்டியோடு வந்தார். ஒவ்வொரு பையிலும் சிவப்பு நூலால் 1, 2, 3, 4. மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஏசவில்லை.

அந்த என்ஜினின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் தலையில் இரண்டு கம் தண்டுகள் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே, ஆழமான நான்கு கிணறுகள். அந்தக் கிணறுகளின் அடியில்தான் பிளக்குகள் பூட்டப்பட்டிருக்கும். கிணற்றைச் சுற்றிலும் ஒயில் தெறித்துக்கொண்டே இருக்கும். வீரெக் என்கிற தொழினுட்பமே ஒயிலின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,500 சுற்றுக்குப் பிறகு ஒயில் அழுத்தம் சின்ன ஊசிகளைத் தள்ளி, வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் வேறு கம் மேடுகளோடு பிணைத்துவிடும். அவ்வளவு ஒயில் ஓடுகிற இடத்தில் கிணறுகள் காய்ந்து இருக்கக் காரணம், ஒவ்வொன்றின் வாயிலும் வால்வுக் கவரோடு அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு றப்பர் வளையம். வளையல் அளவு சாமான். சூட்டிலும் வயதிலும் அது இறுகி, பிளாஸ்ரிக் போல ஆகிவிடும். பிறகு ஒயில் சொட்டுச் சொட்டாகக் கிணற்றுக்குள் இறங்கிப் பிளக்கைச் சுற்றித் தேங்கி நிற்கும்.

அப்படித் தேங்கி நிற்கும்போது ஒருவர் பிளக்கைக் கழற்றினால் என்ன நடக்கும்? மரை விட்டதும் தேங்கிய ஒயில் முழுக்க ஓட்டையால் சிலிண்டருக்குள் விழும். போகிற வழியில் பிளக்கின் முனையையும் குளிப்பாட்டிவிடும். வெளியே எடுத்துப் பார்ப்பவருக்கு முனையில் ஒயில் தெரியும். “உள்ளுக்கிருந்து வந்திருக்கு” என்பார். முதலில் கிணற்றுக்குள் லைற் அடித்துப் பார்த்து, துணியாலோ ஊசிக்குழாயாலோ ஒயிலை உறிஞ்சி எடுத்த பிறகே பிளக்கில் கைவைக்க வேண்டும். அந்த மெக்கானிக் தெரியாமல் செய்தாரா தெரிந்து செய்தாரா என்று அக்கா கேட்டார். மாஸ்டர் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. நானே ஒரு நாள் முழுக்க அவரை நம்பியவள்தானே.

கிணறுகளுக்குள் லைற் அடித்தோம். 1, 2, 4 இன் சுவரில் பழைய ஒயில் கறை, குளத்தில் தண்ணீர் நின்ற மட்டம் போலத் தெளிவாகத் தெரிந்தது. அந்த மூன்றின் பிளக் வயர்களின் றப்பர் மூடிகளும் ஒயில் ஊறிப் பொருமியிருந்தன. அவற்றால் பொறி கசிந்து என்ஜின் சில நேரம் உதறும் என்று மாஸ்டர் சொன்னார். “ஓம், உதறுறதுதான்” என்றார் அக்கா. 3 ஆம் கிணறு மட்டும் காய்ந்திருந்தது. அதன் மூடியும் காய்ந்திருந்தது. ஆகவே மேற்பாதி சுத்தமாக இருந்த அந்தப் பிளக் 3 இன் பிளக். இலக்கம் போடாத குற்றம் அரைவாசி நிவர்த்தியாயிற்று.

ஆனால் அதோடு ஒரு புதுக் கவலையும் வந்தது. 3 ஆம் கிணற்றில் ஒயிலே தேங்கவில்லை என்றால், 3 இன் முனையில் இருந்த ஒயில் மேலிருந்து விழுந்ததல்ல. அது உண்மையாகவே உள்ளேயிருந்து வந்தது.

பிளக்குகளை பெற்றோலில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கிணறுகளைத் துடைத்துப் பூட்டினோம். என்ஜின் கிளம்பியதும் சைலன்சரால் நீலப் புகை முற்றத்தை மூடிற்று. அயல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்கள். “பயப்படாதையுங்கோ, நேற்று விழுந்த ஒயில் எரியுது” என்றார் மாஸ்டர். சில நிமிடத்தில் புகை நின்றது. ரேடியேற்றர் விசிறி தானாகச் சுழலும்வரை சூடாக்கினோம். கொம்பிறசன் பார்க்க இது அவசியம். சிலிண்டருக்குள் ஒயில் கிடந்தால் அது றிங்ஸைச் சுற்றி அடைத்துக்கொண்டு, தேய்ந்த என்ஜினையும் நல்ல என்ஜின் போலக் காட்டிவிடும்.

பிறகு பிளக்குகளைத் திரும்பக் கழற்றி, பொறியும் பெற்றோலும் வராமல் நிறுத்தி, நான் அக்சிலறேற்றரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்ராட்டரைச் சுழற்ற, மாஸ்டர் ஒவ்வொரு ஓட்டையிலும் மானியைப் பூட்டினார். அக்கா தையல் கொப்பியில் எழுதினார். சதுர அங்குலத்துக்கு இறாத்தல் கணக்கில் 182, 180, 176, 181. மாஸ்டர் கொப்பியை வாங்கித் தானும் ஒருதரம் வாசித்தார். ஒன்று மற்றவற்றைவிட மிகவும் குறைந்திருந்தால் அதற்குள் ஒரு சின்னக் கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். அப்போது மானி ஏறினால் றிங்ஸ், ஏறாவிட்டால் வால்வு. இங்கே அதற்கு வேலையே வரவில்லை.

“றிங்ஸ் நல்லாயிருக்கு. இந்த என்ஜினை இறக்கத் தேவையில்லை.”

அக்கா திண்ணையில் இருந்துவிட்டார்.

அப்படியானால் 3? மாஸ்டர் என்ஜினின் பின்பக்கம், கை போகாத இடத்தில் கிடந்த சின்ன மூச்சு வால்வைக் கழற்றிக் காதடியில் ஆட்டினார். கலகலவென்றது. அது அடைத்திருந்தால் என்ஜின் தன் வயிற்றுக் காற்றை வெளிவிட முடியாமல் ஒயிலை உள்வழியால் தள்ளும். அது சரி. மிச்சம் இருப்பது வால்வுத் தண்டுகளில் இருக்கும் சின்ன றப்பர் சீல். அது இறுகினால், என்ஜின் நிற்கும்போது ஒயில் தண்டு வழியே மெல்ல வடிந்து சிலிண்டருக்குள் இறங்கும். அடுத்த நாள் காலையில் கிளப்பும்போது ஒரு வாய் நீலப் புகை. றிங்ஸ் தேய்ந்தால் புகை ஏற்றத்தில், பாரம் இழுக்கும்போது வந்துகொண்டே இருக்கும். ஆனால் இன்றைக்கு ஒன்றும் சொல்ல முடியாது, ஓட்டிப் பார்த்துத் திரும்பக் கழற்றினால்தான் தெரியும் என்றார். வாரத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது என்ஜினுக்கு நல்லதல்ல, சூடாகாமலே நின்றுவிடும் என்றும் சொன்னார். அக்காவின் முகம் வாடியது. “நீங்கள் செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம் பிள்ளை” என்று உடனே சேர்த்துக்கொண்டார். 2022 இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் ஆறு மாதம் கார் கிளப்பப்படவே இல்லை. றப்பர்கள் அப்போதுதான் கூடுதலாக இறுகியிருக்கும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

வால்வுக் கவர் கேஸ்கட் செற் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. சுற்றுக் கேஸ்கட்டும் நான்கு வளையங்களும், விலை நாலாயிரத்துச் சொச்சம். கடைக்காரரோடு நான் தொலைபேசியில் பேசியபோது, “ஆம்பிளை ஆராவது இருந்தால் குடுங்கோ தங்கச்சி, விளங்கப்படுத்திறன்” என்றார். என்ஜின் இலக்கத்தை வாசித்துச் சொன்னேன். பிறகு ஒழுங்காகப் பேசினார்.

புதன் பின்னேரம் பூட்டினோம். கழற்றிய பழைய வளையங்களை அக்கா விரலால் வளைத்தார், இரண்டு பிஸ்கற் போல உடைந்தன. கவரின் விளிம்பைத் துடைக்கிற வேலை அவருக்கு. ஒரு நூல் இழை, ஒரு தூசி இருந்தாலும் திரும்பக் கசியும் என்று மாஸ்டர் சொன்னதும், பட்டுச் சேலைக்கு போல் வைக்கும் கவனத்தோடு அதைச் செய்தார். மூலைகளில் கொஞ்சம் கேஸ்கட் பசை. நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, சிறிது சிறிதாக, சமமாக இறுக்க வேண்டும். பலம் காட்டக்கூடாது. கணவருடைய ஆயுதப் பெட்டியில் அளவோடு இறுக்குகிற திறாணி ஒன்று இருந்தது. எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். அக்கா அதைப் பிரித்துத் தந்தபோது யாரும் ஒன்றும் பேசவில்லை.

வியாழனிலிருந்து சனிவரை, அலுவலகம் முடிந்தபின் நான் ஏ9 வீதியில் மாங்குளம் பக்கம் ஓட்டினேன். அக்கா பக்கத்தில் இருந்தார். வரிப்பத்திரமும் காப்புறுதியும் வருடம் தவறாமல் எடுத்து வைத்திருந்தபடியால் பொலிசுக்குப் பயமில்லை. மொத்தம் 160 கிலோமீற்றர் வந்தது. வெள்ளிக்கிழமை வீதி வெறுமையாக இருந்த ஒரு இடத்தில், சட்ட வேகத்துக்குள்தான், இரண்டாம் கியரிலேயே விட்டு மிதித்தேன். ஊசி ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்டியதும் என்ஜினின் குரல் மாறிற்று. வேறொரு என்ஜின் முழித்துக்கொண்டது போல ஒரு முழக்கம். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தச் சத்தம்தான். படலையடியில வரேக்கையே தெரியும், அவர் வாறார் எண்டு” என்றார். நான் வேகத்தைக் குறைத்தேன்.

சனி பின்னேரம் என்ஜின் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றினோம். கிணறுகள் நான்கும் காய்ந்திருந்தன. 1, 2, 4 பிஸ்கற் நிறம். அப்பா கண்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். 3 இன் முனையில் திரும்பவும் கறுப்பு ஈரம். முதல் கண்ட அளவு இல்லை, ஆனால் ஒயில்தான். அன்று காலை கிளப்பியபோதும் ஒரு வாய் நீலப் புகை வந்து மறைந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். வால்வு சீல். தலையைக் கழற்றாமலே, பிளக் ஓட்டையால் காற்று அடித்து வால்வுகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சீல்களை மாற்றலாம். நான்கு சிலிண்டருக்கும் பதினாறு சீல். மாஸ்டர் கூலியோடு எழுபத்தையாயிரம் என்று மதிப்புச் சொன்னார். ஞாயிறுக்குள் செய்ய நேரமில்லை.

அக்காவின் தம்பி அன்று வந்திருந்தார். “ஏன் அக்கா சொல்ல வேணும்? பெற்றோலில கழுவிப் பூட்டினால் அதுவும் மற்றதுகள் மாதிரித்தான் இருக்கும். அவங்கள் எங்களுக்குச் செய்ய வெளிக்கிட்டதைப் பார்த்தீங்கள்தானே” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. சமூகப் பணியாளர் தீர்ப்புச் சொல்லக்கூடாது, தெரிவு அவரவருடையது என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசாமல் இருந்தேன் என்பதுதான் உண்மை.

அக்கா உள்ளே போய், கணவர் காருக்கென்று வைத்திருந்த ஒரு பழைய சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்தார். ஒயில் மாற்றிய திகதி, ரயர், பிறேக் எல்லாம் சின்னச் சின்ன எழுத்தில். எத்தனை கிலோமீற்றருக்கு எவ்வளவு ஒயில் குறைந்தது என்பதையும் எழுதியிருந்தார். 2018 இல் ஆயிரம் கிலோமீற்றருக்குக் கால் லீற்றர். கடைசிக்கு முதல் பக்கத்தில், “3 இல் கொஞ்சம் ஒயில். வால்வு சீல் மாத்த வேணும். காசு வரட்டும்” என்று இருந்தது. திகதி 2018 நவம்பர்.

அக்கா அதைத் தம்பியிடம் கொடுத்தார். அவர் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை அந்தத் தம்பி இம்முறை வேறொரு மெக்கானிக்கோடு வந்தார். அக்கா திண்ணையில் துணிப் பட்டியை விரித்து, 1, 2, 3, 4 என்று அதனதன் பையில் பிளக்குகளை வைத்தார். பக்கத்தில் மானியின் கணக்கு எழுதிய தையல் கொப்பி. அதற்குப் பக்கத்தில் கணவருடைய கொப்பி, அந்தப் பக்கத்தில் திறந்தபடி. உடைந்த றப்பர் வளையங்களை ஒரு சிரட்டையில் போட்டு அதையும் வைத்தார். விளக்கம் நான் சொல்வேன் என்று நினைத்துத் தொண்டையைச் செருமினேன். ஆனால் அக்காவே தொடங்கிவிட்டார். ஒயில் எப்படி மேலிருந்து விழுந்தது, ஏன் முதலில் கிணற்றைத் துடைக்க வேண்டும், ஏன் 3 மட்டும் வேறு என்று ஒன்றும் விடாமல் சொன்னார். புது மெக்கானிக் தன்னுடைய மானியையும் போட்டுப் பார்த்தார். அவருக்கும் கணக்கு ஏறக்குறைய அதேதான் வந்தது. “3 ஐ நீங்களே காட்டிப்போட்டீங்கள். அப்ப மற்ற மூண்டையும் நம்பலாம்” என்று சிரித்தார்.

வாங்க வந்த தம்பி ஒரு இலட்சம் குறைத்தார். அக்கா எழுபத்தையாயிரம் என்று நின்றார். அதிலேயே முடிந்தது. ஆயுதப் பெட்டியையும் சேர்த்துத் தந்தால் முழு விலையும் தருகிறேன் என்று அவர் ஒருதரம் கேட்டுப் பார்த்தார். அக்கா “அது விக்கிறதுக்கில்லைத் தம்பி” என்றார்.

கார் படலையால் வெளிக்கிட்டபோது அக்கா பார்க்கவில்லை. கோடிப்பக்கம் போய் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். ஒக்ரோபர் முதல் கிழமையில் உறுதி கைக்கு வந்தது. இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது.

இதை எழுதும்போது உங்களில் பலரிடம் கார் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஸ்கூட்டியோ ஓட்டோவோ இருக்கலாம். அவற்றிலும் பிளக் இருக்கிறது, கராஜில் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றியதை வாங்கிப் பாருங்கள், அதற்கு ஒருவரும் காசு கேட்பதில்லை. ஒன்று மட்டும்: பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடுகிற பழைய இரண்டடி என்ஜின் என்றால் பிளக்கில் கொஞ்சம் ஒயில் ஈரம் இருப்பது வழக்கம்தான். அதைக் கண்டு என்னைப் போலப் பயந்துவிட வேண்டாம்.

போன மாதம் அக்கா தொலைபேசி எடுத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஸ்கூட்டி கிளம்பவில்லையாம். கராஜில் விட்டால் மூன்று நாள் வேலைக்குப் போக முடியாது என்று அந்தப் பிள்ளை இவரிடம் வந்திருக்கிறாள்.

“பிள்ளை, பிளக்கைக் கழற்றிப் பார்த்தனான். ஈரமாத்தான் இருக்கு. ஆனால் மணந்து பார்த்தால் பெற்றோல் மணம். அப்ப அது ஒயில் இல்லைத்தானே?”

“இல்லை அக்கா. பொறி வரேல்லைப் போல. வயர் கழன்றிருக்கோ எண்டு பாருங்கோ.”

“பார்த்திட்டன். கழன்றுதான் கிடந்தது. சும்மா உம்மட்டையும் ஒருக்கால் கேப்பம் எண்டுதான்.”